பூச்சியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியப் புதர்க்காட்டுப் பூச்சிகளைப் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், லென்ஸ் தேர்வு பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால், ஓடும் பூச்சியை டப்பாவில் பிடித்துப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் நிற்கும் என்று சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது.

குளிரில் விறைத்த பூச்சி கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும், உணர்கொம்புகள் தொங்கிவிடும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் கண்ணிலும் இறக்கையிலும் முத்து முத்தாகப் படியும். அது பனித்துளியல்ல என்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். உடம்பு சூடேறும்வரை அதனால் பறக்க முடியாது. எறும்பு வந்தால் தப்பிக்க வழியில்லை. தேசியப் பூங்காவாக இருந்தால், உரிமமின்றிப் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

விடியற்காலைக் குளிரே போதும். சிட்னிப் பக்கம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பறக்கும் நீலவரித் தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அது ஒரு பூவில் இரண்டு நொடிகூட நிற்காது. ஆனால் அந்தி சாய்ந்ததும் ஆண் தேனீக்கள் கூட்டமாக வந்து, காய்ந்த மெல்லிய தண்டு ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாக உறங்கும். பல நாள் அதே தண்டுக்குத் திரும்பி வரும். எனவே மாலையில் தண்டைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, தேனீக்களுக்கு ஒரு சாண் கீழே துணி கிளிப்பால் தண்டை அதனுடன் சேர்த்துப் பிடித்தால் காற்றில் ஆடாது. இதையும் முந்தைய மாலையே, தேனீக்கள் வருமுன் செய்துவிடுவது நல்லது. காலையில் தண்டைத் தொட்டால் விழித்துவிடும். வயிறு வேகமாக விம்மித் தணியத் தொடங்கினால் பறக்கத் தயாராகிறது என்று பொருள், அப்போது விலகிவிடுங்கள்.

பெண் தேனீக்கள் இப்படித் தண்டில் உறங்குவதில்லை, மண்ணில் குடைந்த கூட்டுக்குள் இருக்கும். அவற்றைப் படமெடுக்க, டயனெல்லா என்ற நீலப் பூச்செடி பூக்கும் இடத்தில் காத்திருக்கலாம். பூவைப் பற்றிக்கொண்டு மகரந்தத்தை அதிரவைத்து உதிர்க்கும்போது ரீங்காரத்தின் சுருதி சட்டென்று மாறும். அழுத்த வேண்டிய கணம் அதுதான். (நம்மூரில் கத்தரிப் பூவை அதிரவைக்கும் நீலவரித் தேனீயும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான்.) ஆணுக்கு ஐந்து வரி, பெண்ணுக்கு நான்கு என்பதால், வயிற்றின் மேற்பக்கம் முழுவதும் படத்தில் விழ வேண்டும்.

கட்டுரையில் லென்ஸ் துளையை f/22 அளவுக்குச் சுருக்கச் சொன்னதும் சரியல்ல. பூச்சியின் அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றாகும் நெருக்கத்தில், f/11 வைத்தாலே லென்ஸ் f/22 போலத்தான் நடந்துகொள்ளும். அதற்கு மேல் சுருக்கினால் ஒளி சிதறி, படம் முழுக்க மழுங்கும். f/11-இல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே கேமராவைப் பூச்சியின் உடலுக்கு இணையாகப் பிடித்து, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 முதல் 400, மீதியை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும்.

டிசம்பர், ஜனவரியில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும் முட்செடியான பர்சாரியாவில் பொன்வண்டுகளைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் காஸ்டியரினா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பளபளப்பான அந்த ஓட்டில் ஃபிளாஷை நேராக அடித்தால் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும், நிறம் போய்விடும். இரண்டு லிட்டர் பால் கேனின் வெள்ளைப் பிளாஸ்டிக்கை வெட்டி லென்ஸின் மேல் வளைவாகக் கட்டி, வண்டிலிருந்து நான்கைந்து விரல் தூரத்தில் வரும்படி வைத்தால் ஒளி பரவி விழும். ஒளியைப் பரப்பும் இந்தத் தடுப்பு (டிஃப்யூசர்) சிறியதாகவோ தள்ளியோ இருந்தால் பயனில்லை. நிழல் மேலே விழுந்தால் வண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடும் என்பதால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நெருங்காதீர்கள்.

வகையை உறுதிசெய்ய அழகான ஒரே படம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, பிறகு அது இருந்த செடியின் இலையும் பூவும் தெரிய ஒன்று. உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் ஆஸ்திரேலியா தளத்தில் பதிவிட்டால், தரவு அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா என்ற தேசிய உயிரினத் தரவுத்தளத்துக்கும் போகிறது. அதனால் கேமராக் கடிகாரத்தைச் சரிபாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது, குயின்ஸ்லாந்தில் மாறுவதில்லை. எல்லை தாண்டிப் போகிறவர்களின் பதிவுகளில் நேரம் பிசகுவது பெரும்பாலும் இதனால்தான்.

மண்டியிடுமுன் தரையைப் பாருங்கள். புல் ஆன்ட் (bull ant) எனப்படும் பெரிய எறும்புகளின் கொடுக்குக் கடுமையானது, ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தும்கூட. கொசு விரட்டியில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் கையில் பூசிய பிறகு கேமராவைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும். காட்டுக்குள் நுழையுமுன்னும் வெளியேறும்போதும் செருப்பு மண்ணைத் தூரிகையால் உதிர்த்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட் தெளியுங்கள். மரவேரை அழுகவைக்கும் ஃபைட்டோஃப்தோரா கிருமி ஒட்டிய மண்ணோடுதான் இடம் மாறுகிறது. பூச்சிக்கு உணவு தரும் செடியே அதனால் பட்டுப்போகும்.

ஃபிரிட்ஜ் யோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்டோபருக்கு முன்னால் வந்தால், தேனீக்கள் வரத் தொடங்குமுன் வாசகர்கள் படித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிட்னி