கை கோலும் ஒரு மைதானத்தின் பெயரும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று என்று படித்ததும் சந்தோஷம். முழங்கால் வலி எனக்கும்தான்; மாடிப்படியைக் கண்டாலே யோசனை வந்துவிடுகிறது.

அப்புறம், 1986-ல் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் கோல் போட்டதற்கு டீக்கடையில் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? ‘திருட்டுப்பயல்’ என்று நீ கத்தினாய். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு நான்கு வருஷம் முன்னால் அந்த இரண்டு நாடுகளுக்கும் நடந்த போர் நம் இருவர் மண்டையிலும் ஏறவே இல்லை.

போன வாரம்தான் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 1982 ஏப்ரல் 2-ல், பிரிட்டன் கையில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினா படை இறங்குகிறது. (அவர்களுக்கு அது மால்வினாஸ்.) மறுநாளே அர்ஜென்டினாக்காரர் ஆர்டிலெஸ், லண்டன் டோட்டன்ஹாம் அணிக்காக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆடுகிறார்! அவருடைய உறவினர் ஒருவர் விமானி. அதே போரில் இறந்துபோனார். ஜூன் 13-ல் பார்சிலோனாவில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், அர்ஜென்டினா பெல்ஜியத்திடம் 0-1 தோல்வி. மறுநாள் தீவில் அர்ஜென்டினா படை சரணாகதி. அர்ஜென்டினா தரப்பில் மட்டும் 649 பேர் செத்தார்கள். பலர் கட்டாய ராணுவ சேவைக்குப் போன 18, 19 வயதுப் பையன்கள்.

தீவு போய்விட்டது, பெயரை விடவில்லை. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் மென்டோசா என்று ஓர் ஊர். தீவுக்கும் அதற்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். 1978 உலகக் கோப்பைக்குக் கட்டிய அந்த ஊர் மைதானத்துக்குப் போருக்குப் பிறகு ‘மால்வினாஸ் அர்ஜென்டினாஸ்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனைச் சேர்ந்த ஸ்காட்லாந்தின் வீரர் கெம்மில் 1978-ல் நெதர்லாந்துக்காரர்களை ஏமாற்றிவிட்டுப் போட்ட அந்தப் பிரமாதமான கோல் விழுந்ததும் இதே புல்தரையில்தான்.

பராகுவே இன்னும் ஒரு படி மேல். தலைநகர் அசுன்சியோனில் உள்ள பெரிய மைதானத்தின் பெயருக்கு ‘சாக்கோவின் காவலர்கள்’ என்று அர்த்தம். 1932 முதல் 1935 வரை பொலிவியாவோடு சாக்கோ நிலத்துக்காகச் சண்டை போட்டு ஜெயித்தவர்கள். பொலிவியா அணி அங்கே ஆட வந்தால் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். விருந்தாளியை யாராவது இப்படி வரவேற்பார்களா, சொல்!

சரி, கை கோல் தப்புதான். நாற்பது வருஷம் கழித்தாவது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு நிமிஷம் கழித்துப் பாதி மைதானம் ஓடி அவர் போட்டாரே இரண்டாவது கோல், அதைப் பற்றி நீ இதுவரை வாயே திறந்ததில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
முருகேசன்