குலத்தின் காவல்

அன்பு மகனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இஸ்லாம் மார்க்கத்தின் மீது மக்காவின் தலைவர்களுக்கு அத்தனை பகை இருந்ததென்றால், விரல்விட்டு எண்ணும் அளவில் முஸ்லிம்கள் இருந்தபோதே ஏன் எல்லாரையும் கொன்று முடிக்கவில்லை என்று கேட்டாய்.

அந்த ஊரில் அரசன் இல்லை, நீதிமன்றம் இல்லை. ஒருவனின் உயிருக்கு அவன் குலமே காவல். வேற்றுக் குலத்தான் அவனைக் கொன்றால் இரத்தப்பழி தலைமுறைகளுக்கும் தொடரும். கஅபாவுக்கு வரும் யாத்திரிகர்களையும் வணிகத்தையும் நம்பிப் பிழைத்த ஊர் அப்படியொரு உட்பகையைத் தாங்காது. ஆகவே 613ஆம் ஆண்டளவில் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாக அழைக்கத் தொடங்கியதும், அந்தந்தக் குலத்தார் தம்மிடையே இருந்த முஸ்லிம்களைத் தாமே வதைக்கத் தொடங்கினார்கள். நபியவர்களையோ பெரிய தந்தை அபூதாலிப், தாம் இஸ்லாத்தை ஏற்காமலே, சாகும்வரை காத்து நின்றார்.

காவல் இல்லாதவர்கள்மீதுதான் முழுக் கொடுமையும் இறங்கியது. உமய்யா பின் கலஃபின் அடிமையான பிலால் (ரலி) சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சில் பாறை ஏற்றப்பட்டபோது "அஹத், அஹத்" (ஒருவனே, ஒருவனே) என்றதை நீ மதரஸாவிலேயே படித்திருக்கிறாய். யமனிலிருந்து வந்து குடியேறிய யாசிர் (ரலி), அவர் மனைவி சுமய்யா (ரலி), மகன் அம்மார் (ரலி) மூவருக்கும் மக்காவில் சொந்தக் குலம் கிடையாது. சுமய்யாவை மக்காத் தலைவர்களில் ஒருவனான அபூஜஹ்ல் ஈட்டியால் குத்திக் கொன்றான். வேதனை தாளாமல் அம்மார் வாயளவில் மார்க்கத்தை மறுத்துச் சொல்லிவிட்டு அழுதபடி நபியவர்களிடம் வந்தபோது, உள்ளம் உறுதியாக இருக்க வற்புறுத்தப்பட்டவர்மீது குற்றமில்லை என்ற வசனம் குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் இறங்கியது. கொல்லரான கப்பாப் (ரலி) அவர்களை இன்னொரு வழியிலும் வதைத்தார்கள். அவர் செய்து கொடுத்த வேலைக்கான கூலியைக் கேட்டபோது, முஹம்மதை மறுத்தால்தான் தருவேன் என்றான் ஆஸ் பின் வாயில்.

ஆனால் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) நாம் குறைவாகவே கேட்பது, குலமும் செல்வமும் உள்ள வீடுகளுக்குள் நடந்தது. உஸ்மான் (ரலி) அவர்களைக் கட்டிப்போட்டவர் அவருடைய சொந்தச் சிற்றப்பா. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் தாயார், மகன் பழைய மார்க்கத்துக்குத் திரும்பும்வரை உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்று சத்தியம் செய்து கிடந்தார். பிள்ளையை வளைக்கத் தாய்மார் கைக்கொள்ளும் ஆயுதம் அன்றும் இதுதான் என்று படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். லுக்மான் அத்தியாயத்தின் 15ஆம் வசனம், இணைவைக்கச் சொன்னால் பெற்றோருக்குக் கீழ்ப்படியாதே என்றும், ஆயினும் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் பழகு என்றும் சொல்வது இதை ஒட்டித்தான். வசனத்தின் முதல் பாதியைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாம் பாதியை விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.

முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் வரலாறு இதைவிடக் கனமானது. மக்காவின் இளைஞர்களில் அவரளவு உயர்ந்த ஆடையும் நறுமணமும் அணிந்தவர் இல்லை என்பார்கள். அத்தனையும் செல்வந்தரான தாய் குனாஸ் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவை. மகன் தொழுவது தெரியவந்ததும் அந்தத் தாயின் வீட்டிலேயே அவர் அடைத்து வைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பிய பிறகே அவர் 615இல் அபிசீனியாவுக்குச் (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) சென்றவர்களோடு சேர்ந்தார். நஜ்ஜாஷி மன்னரின் அந்தக் கிறித்தவ நாடுவரை பரிசுப் பொருள்களோடு தூதர்களை அனுப்பி, தங்கள் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி மக்காவாசிகளான குறைஷிகள் கேட்டார்கள், மன்னர் மறுத்துவிட்டார்.

625இல் உஹத் போரில் முஸ்அப் ஷஹீதாகி உயிர்த்தியாகம் செய்தபோது, போர்த்த இருந்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிவிட்டுக் கால்களின்மேல் இத்கிர் புல்லைப் பரப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து, செல்வராகிவிட்ட அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), நோன்பு திறக்கத் தமக்கு முன் வைத்த உணவைக் கண்டதும் இதை நினைத்து, உண்ணாமலே அழுதார்.

வஸ்ஸலாம்.
உன் உம்மா