மழை டின்ன எம்பொண்ணு கையில குடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் நீலகிரில பந்தலூர் பக்கம் ஜீப் ஓட்டுறேன், வீட்டுக்காரம்மா டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறாங்க. எங்க பெரியவ இந்த வருஷம் எட்டாவது முடிச்சுட்டு நம்ம நடுநிலைப்பள்ளிய விட்டுக் கிளம்புறா, அதான் எழுதறேன். பேரப் போட்டா கணக்கு சாருக்குப் பிடிக்காது, அதனால யார் பேரும் போடல.

முதல்ல ஹெச்செம் மேடம்கிட்ட மன்னிப்பு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ் ரூம்ல நின்னு "படிக்க அனுப்புனா புள்ளைய மழை அளக்க விடுறீங்களா"ன்னு கத்துனது நான்தான். எங்கப்பா சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து சின்னப் பையனா வந்தவரு, வந்த இடத்துல படிப்பு நின்னு போச்சு, அந்தப் பயம் எனக்கு எப்பவும் உண்டு.

விஷயம் இதுதான். கணக்கு சார் ஒரு பால்பவுடர் டின்ன கிரவுண்டுல திறந்த எடமா பாத்து வச்சு, டெய்லி காலைல எட்டரைக்கு ஸ்கேல் விட்டு எத்தனை மில்லிமீட்டர்னு நோட்டுல எழுதற வேலைய இவகிட்ட குடுத்துட்டாரு. வானிலை ஆபீஸ்லயும் எட்டரைக்குத்தான் கணக்கெடுப்பாங்களாம். ஞாயித்துக்கிழமையும் போகணும்னு ஒத்தக்கால்ல நிப்பா, விட்டா ஆவியாகிடும்ப்பாங்கறா. ஆனை நடமாடுற ரோட்டுல தனியா அனுப்ப முடியுமா, சவாரிய விட்டுட்டு நான்தான் கூட்டிட்டுப் போவேன், திட்டிக்கிட்டேதான் போவேன். ஆனை எந்தப் பக்கம் நிக்குதுன்னு விடியறதுக்குள்ள போன் பண்ணிச் சொல்ற வனத்துறை வாட்சர் அண்ணனுக்கும் இங்கயே ஒரு பெரிய நன்றி.

அந்த நோட்டுல இருந்தே கணக்கு வந்துச்சு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர் தண்ணி, அப்ப 200 சதுர மீட்டர் கூரைல 30 மில்லிமீட்டர் பெஞ்சா 6000 லிட்டர்னு புள்ளைங்களே போட்டுப் பாத்து பள்ளி மேலாண்மைக் குழு மீட்டிங்ல வந்து சொன்னாங்க, நாங்க பெத்தவங்க பைப் போட்டு தொட்டிக்கு இறக்குனோம், இப்ப மதியம் தட்டு கழுவ அந்தத் தண்ணிதான். 2019 ஆகஸ்ட்ல நம்ம நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, சென்னைக்கு வருஷம் முழுக்கவே சுமாரா 1400தான்னு சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுக்குறா.

போன ஜூலைல ஒரு நாள் டின் நிரம்பி வழிஞ்சிருச்சு. என்ன எழுதறதுன்னு தெரியாம நனைஞ்சுகிட்டே அழுதா. நான் சும்மா ஒரு நம்பர் போடு பாப்பா, யாரு பாக்கப் போறான்னேன். சார் வந்து "டின் நிரம்பிவிட்டது, அளக்க முடியவில்லை"ன்னு எழுதச் சொன்னாரு, அவ்ளோதான். ஜீப்ல திரும்பி வர்றப்ப நான் ஒண்ணும் பேசல.

அதே சார்தான் சாயங்காலம் இருந்து என்எம்எம்எஸ்ங்கற உதவித்தொகைப் பரீட்சைக்கு சொல்லிக் குடுத்தாரு, அவளும் பாஸ் பண்ணிட்டா. இனி ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷம் 12,000 ரூபா வரும். கணக்குல இவ ஒண்ணும் ஃபர்ஸ்ட் மார்க் இல்ல, அத மறைக்கல.

மூணாவது படிக்கற என் பையனுக்கு காலைல கிச்சடி போடுற மகளிர் குழு அக்காங்க, அவன் சிந்தாம சாப்பிடற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கற எட்டாவது புள்ளைங்க, முட்டைய உரிச்சே குடுக்கற சத்துணவு அக்கா, மேடையே ஆகாதுன்னு இருந்தவள கலைத்திருவிழால வில்லுப்பாட்டுக்கு குடம் தட்ட வச்ச தமிழ் டீச்சர், எல்லாருக்கும் நன்றிங்க. யாரையாவது விட்டிருந்தா ஜீப்ப நிறுத்தி திட்டிருங்க.

சார், டின் அடில துரு புடிச்சு ஒழுகுதுன்னு சொன்னா. இனி நோட்டு எழுதப்போற ஏழாவது தம்பிக்கு புது டின் ஒண்ணு கழுவி வச்சிருக்கேன், இன்னும் கொஞ்சம் உயரமானது. திங்கக்கிழமை எட்டரைக்குள்ள கொண்டாந்துடறேன்.