உனக்கும் ஒரு நோட்டு வை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எல்லோரும் சுகம். கேப் டவுனில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம்தானே? போனில் பேசினால் பாப்பா கதையிலேயே நேரம் போய்விடுகிறது. உன்னைப் பற்றிக் கேட்டால் "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கர்ப்பமாக இருந்தபோது உனக்குச் சர்க்கரை வந்தது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. அதோடு தீர்ந்தது என்று நீ நினைக்கிறாய். தீரவில்லை, மகளே. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வர மற்றவர்களைவிட வாய்ப்பு பல மடங்கு அதிகம். நம் இந்திய வம்சத்துக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பாப்பாவுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, அந்தப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பிரசவம் பார்த்தவர் ஒரு டாக்டர். சளி காய்ச்சலுக்கு நீ போவது வேறு டாக்டரிடம். பாப்பாவின் ஊசிக்குப் போவது கிளினிக். ஓரிடத்துக் காகிதம் இன்னோரிடத்துக்குத் தானாக வந்து சேராது. எல்லா இடத்துக்கும் போய் வருகிறவள் நீ ஒருத்திதான்.

பாப்பாவின் 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்! பிளாஸ்டிக் உறை போட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாய். எந்த ஊசி எந்தத் தேதி, போன மாதம் எடை எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். உனக்கென்று அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா? நாளைக்கே ஒன்று வாங்கு. முதல் பக்கத்தில் எழுது: கர்ப்பகாலச் சர்க்கரை, எந்த வருஷம், எத்தனையாவது மாதத்தில் கண்டுபிடித்தார்கள், மாத்திரையா இன்சுலினா, அம்மாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை உண்டு. எந்தப் புது டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டு. அடுத்த பிள்ளை தங்கினால் முதல் விசிட்டிலேயே காட்டு. பிரசவ ஆஸ்பத்திரியில் உன் ரெக்கார்டின் நகலையும் கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு.

உன் பாட்டி கடைசி வரை "காலையில வெள்ளை மாத்திரை, ராத்திரி சின்ன மாத்திரை" என்றுதான் சொன்னாள். பெயர் தெரியாது, எதற்கென்றும் தெரியாது. டாக்டர் முன்னால் வாய் திறப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள். நீ அப்படி இருக்க வேண்டாம். நம் தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் வருஷத்து தேசிய சுகாதாரச் சட்டம், 6ஆம் பிரிவு, தெளிவாகச் சொல்கிறது: உடல் நிலை என்ன, என்னென்ன சிகிச்சை உண்டு, அதன் பலன், ஆபத்து, செலவு எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும், முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில்.

அதனால் ரிசல்ட் வந்ததும் "நார்மல்தான்" என்றால் சரி என்று எழுந்து வராதே. எண்ணைக் கேட்டு நோட்டில் எழுது. இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் (mmol/L) என்று எண் வரும். வெறும் வயிற்றில் 7.0, அல்லது 2 மணி நேரம் கழித்து 11.1, இதைத் தொட்டால் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை நடுவில் நிற்கும் நிலை. அது பயப்பட வேண்டிய இடமில்லை, விட்டுவிடக் கூடாத இடம். இப்படி நடுவில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பது என்று இலக்கு வைத்து நடந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌவை அடியோடு விடு என்று நான் சொல்ல மாட்டேன், எப்போதாவது சாப்பிடு.

நன்றாக இருந்தாலும் 1 முதல் 3 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் வருஷா வருஷம் பாப்பாவின் பிறந்தநாள் மாதத்தில் பார்த்துவிடு, மறக்காது. பார்மசியில் விரலில் குத்திப் பார்த்ததை மட்டும் நம்பி இருந்துவிடாதே.

இந்த வாரமே நேரம் வாங்கு. முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. குளுக்கோஸ் குடித்த பிறகு 2 மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், அலையக் கூடாது. ஆகையால் அன்றைக்கு லீவு போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன், பாப்பாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். ரிசல்ட் வந்ததும் அந்த இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா