முயல் குட்டிகளின் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து கோரி மனு

பெறுநர்: கால்நடைத் துறை அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: முயல் வளர்ப்போர்
பொருள்: காக்சிடியோசிஸ் என்ற கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து வேண்டுதல் – நினைவூட்டல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பும் எழுதிக் கொடுத்தோம், பதில் வரவில்லை. தாங்கள் எங்கள் பகுதியை நேரில் பார்த்தவர். கொட்டகைகள் நெருக்கமாக இருப்பதும் மழைக்காலத்தில் தரை ஊறிக் கிடப்பதும் தாங்கள் அறியாததல்ல.

1. இந்த நோய்க்குக் காரணம் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. முயலைத் தாக்குவதில் 11 வகைகள் உண்டு. ஒன்று கல்லீரலைக் கெடுக்கும், மற்றவை குடலை.

2. எங்களை அதிகம் வதைப்பது பால் மறந்த குட்டிகளின் சாவுதான். நான்கைந்து வாரம் கொழுகொழுவென்று வளர்ந்த குட்டி, தாயைப் பிரிந்த சில நாட்களில் தீவனத்தைத் தொடாமல் மூலையில் ஒடுங்கிவிடுகிறது. வயிறு உப்பியிருக்கும், ஆனால் கையில் எடுத்தால் முதுகெலும்பு தட்டுப்படும். பின்னங்கால் ரோமமெல்லாம் கழிச்சல் ஒட்டி நனைந்திருக்கும். வலியில் பல்லைக் கடிக்கும் சத்தம் காதில் விழும். காலையில் கூண்டைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். அடுத்து அதன் கூடப்பிறந்தது, அப்புறம் இன்னொன்று. ஓர் ஈற்றுக் குட்டிகள் மொத்தமும் இப்படிப் போவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்க்கிறோம், ஐயா.

3. சுத்தமாக வைத்தால் போதும் என்கிறார்கள். சரி, வைக்கிறோம். புழுக்கையோடு வெளிவரும் ஒட்டுண்ணி முட்டைகள் வழக்கமான கிருமிநாசினிக்குச் சாவதில்லை. சூடும் ஈரமும் இருந்தால் சில நாட்களிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் கொதிநீர் ஊற்றுகிறோம், கூண்டுக் கம்பிகளைத் தீயில் வாட்டுகிறோம். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் தாய் முயலே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்!

4. நோய் வந்தபின் கொடுக்கும் சல்ஃபா, டோல்ட்ராசுரில் ஆகிய மருந்துகள் உதவுகின்றன. ஆனால் கழிச்சல் தெரியும்போது குடல் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும். ஒரே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிடும்.

5. கோழிகளுக்கு இதே நோய்க்கு உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொண்ட தடுப்பு மருந்து 1950களிலிருந்தே இருக்கிறது. முயலுக்கும் வீரியம் குறைந்த ஐமீரியா வகைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி, குட்டிகள் இருக்கும் பெட்டியிலேயே தெளித்துச் சோதித்தும் இருக்கிறார்கள். ஊசிகூடத் தேவைப்படவில்லை! வழி தெரிந்தும் அது எங்கள் கொட்டகை வரை வரவில்லையே என்பதுதான் ஆதங்கம். கோழிக்குக் கிடைப்பது முயலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? சிறிய பிராணி என்பதாலா? எங்கள் பிழைப்பு அதில்தானே இருக்கிறது!

6. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இன்னொரு வகைக்கு உதவாது. ஆகவே முதலில் எங்கள் முயல்களின் புழுக்கையைப் பரிசோதித்து, எந்தெந்த வகைகள் இருக்கின்றன என்று கண்டறிய உத்தரவிடுங்கள். பிறகு, அவற்றுக்கேற்ற தடுப்பு மருந்தைச் சோதனை முறையிலாவது இங்கே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கொட்டகை தருகிறோம், கணக்கு எழுதித் தருகிறோம், சொல்வதையெல்லாம் செய்கிறோம்.

7. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்த ஈற்றுக் குட்டிகள் பால் மறக்கும் முன் பரிசோதனையையாவது தொடங்கிவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முயல் வளர்ப்போர்