குடி விசாரித்துத்தான் கட்டிவைத்தோம்

கல்லடி

அன்புள்ள மகனுக்கு,

உன் சிநேகிதன் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், நீ மோதியதில் கால் முறிந்து கிடக்கிற தயிர்க்காரரிடம் ஒரு கடதாசியை நீட்டியிருக்கிறான். ஐம்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை’ என்று கையெழுத்து வைக்க வேண்டுமாம். மனிதர் வைக்கவில்லை. நீ சொல்லித்தான் அவன் போனான் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியில் கேட்டால் மழுப்புவாய், அதனால் எழுதுகிறேன்.

நீதிமன்றப் பதிவகத்தில் இருபத்தெட்டு வருடம் கோப்புக் கட்டியவள் நான். வழக்கைப் போட்டது பொலிஸ், தயிர்க்காரர் அல்ல. அவர் எத்தனை கடதாசியில் கையெழுத்திட்டாலும், குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் நீதவானின் மேசையில் அப்படியே கிடக்கும். நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், அதுதான் எல்லை. நீ பலூன் ஊதியதும் வைத்தியர் எழுதியதும் கோப்பில் இருக்கின்றன. ‘இரண்டு போத்தல் பியர்தான்’ என்ற கதையை உன் சட்டத்தரணியிடமாவது சொல்லாமல் இரு.

நட்டஈடு வேறு வழக்கு. அதை மாவட்ட நீதிமன்றத்தில், விபத்து நடந்து 2 வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். விடியமுன் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வருகிறவருக்கு இந்தக் கெடு எப்படித் தெரியும்? அவர் மனைவியிடம் நான்தான் சொன்னேன். சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு வழியும் காட்டினேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இனி மருமகளின் வழக்கு. ‘என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தவள் அவள், கைவிட்டதும் அவள்தான்’ என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாயாம். விவாகரத்துக்குச் சட்டம் சொல்லும் காரணங்களில் குடி இல்லைதான். சோரம், தீய எண்ணத்தோடு கைவிடுதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை, இவ்வளவுதான். ஆனால் கூட வாழவே முடியாதபடி நடந்துகொண்டு மனைவியை விலகவைக்கிறவனும் கைவிட்டவன்தான். வாசற்படியை யார் தாண்டினார் என்பதோடு நீதிமன்றம் நின்றுவிடாது. போன வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து பேத்தியைக் குடித்த நிலையில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தாயே, அதையும் அவள் எழுதியிருப்பாள்.

விபத்து நடந்த அந்த இரவைப் பற்றி அவள் வாய் திறக்காவிட்டால் விவாகரத்துக்குச் சம்மதிப்பதாகத் தூது விட்டாயாம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க இது சந்தையா? இருவரும் சம்மதம் என்பது இந்த நாட்டில் விவாகரத்துக்குக் காரணமே இல்லை. பேத்தியின் தாபரிப்புச் செலவை இந்தப் பேரத்துக்குள் இழுக்காதே. எது எப்படி முடிந்தாலும் அது உன் கடமை.

ஆரையம்பதி வீட்டை விற்க உன் கையெழுத்து வேண்டும் என்று யாழ்ப்பாணத்து நண்பன் சொன்னானாம். அவன் சொன்னது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழருக்கான சட்டம். நமக்கு அது பொருந்தாது. சீதன உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருக்கிறது, வீடு அவளுடையது. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகிறான்? போனவன் திரும்பி வருவதற்கும் அதே வழிதான்.

கல்யாணம் பேசியபோது அவர்கள் நம் குடியை, அதாவது தாய்வழி வம்சத்தை, விசாரித்தார்கள், நாமும் அவர்கள் குடியை விசாரித்தோம். தாய்வழி எல்லாம் சரியாக இருந்தது. மற்றக் குடியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நானாகச் சொல்லவில்லை. இதை மருமகளிடம் போன கிழமைதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றித் தந்தாள்.

வியாழன் இரவு பஸ்ஸில் ஏறு. தயிர்க்காரரை முதலில் நீயே போய்ப் பார், சிநேகிதன் வேண்டாம். வரும்போது கொழும்பில் ஒரு சோடி ஊன்றுகோல் வாங்கி வா. இங்கே நான் வாங்கிக் கொடுத்தது அவர் உயரத்துக்குக் குட்டை.

அம்மா