அண்டா கொடுத்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சோப்பு பிழைத்துவிட்டது. நேற்று மாலை அச்சிலிருந்து எடுத்துத் துண்டு போட்டோம். கத்தி இறங்கிய இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. வெள்ளைப் பொடி இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளுக்காக நான் தேங்காயெண்ணெயில் போட்ட சோப்பு சரியாகச் சேராமல், எண்ணெய் தனியாகவும் காரத் தண்ணீர் அடியில் தனியாகவும் பிரிந்து நின்றது நம் குடியிருப்பில் தெரியாதவர் இல்லை, அதனால் நேராக நன்றிக்கே வருகிறேன்.

சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கீழ் வீட்டுத் தாத்தா, காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். “தேங்காண்ணெய் கிலோவுக்கு 183 கிராம் காஸ்டிக் சோடா, அதுல 5 சதவீதம் கம்மி. அளவெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, கலவைதான் பிடிக்கல. அடியில நிக்கிற தண்ணியக் கொட்டிடாத, காரம் அதுலதான் இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் காய்ச்சு” என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு உயிரே வந்தது.

ஆனால் எதில் காய்ச்சுவது? கைவசம் இருந்த பெரிய பாத்திரமெல்லாம் அலுமினியம். காஸ்டிக் பட்டால் அலுமினியம் நுரைத்துக் கறுத்து அரித்துப்போகும், கிளம்பும் வாயுவும் தீப்பிடிக்கும். எவர்சில்வர்தான் வேண்டும், அதுவும் அத்தனை கிலோவும் கொள்கிற அளவில். வாடகைப் பாத்திரக் கடையில் சோப்பு என்றதுமே கையை விரித்துவிட்டார்கள்.

எதிர் வீட்டு அக்கா அப்போதுதான் காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு படியேறி வந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டவர், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஸ்டூல் போட்டு, பரணிலிருந்து ஓர் அண்டாவை இறக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அண்டா. மகளின் சீருக்கென்று பாத்திரச் சீட்டு கட்டி எடுத்தது. விளிம்பில் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. எனக்குக் கை நீளவே இல்லை.

“இன்னா பாக்குற? சோப்பு காச்சுன அண்டாவக் கய்வ தனியா சோப்பு வேணுமா? எத்துக்கோ” என்றவர், உறையை அவரே கிழித்துப் போட்டார்.

பிரியாணி தேக்சாவில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் அண்டாவை இறக்கினோம். துருவிய சோப்பு, ஒதுங்கி நின்ற எண்ணெய், காரத் தண்ணீர் எல்லாம் அதில். சிறு தீதான். திரித்திரியாக நின்றது மெல்ல இளகி, ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கண்ணாடியானது. தாத்தா ஒரு துளியை ஆறவைத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார். சுருக்கென்று இழுக்கவில்லை, காரம் மிச்சமில்லை என்று அர்த்தம். விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விட்டு வந்த அக்கா, அதுவரைக்கும் கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

எங்கள் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் தண்ணீர்கூடப் பிடிக்க விடமாட்டார்கள். மகள் புகுந்த வீட்டில்தான் அது முதலில் அடுப்பேற வேண்டும். அக்கா கூடை கூடையாக மீன் விற்றுச் சேர்த்த பொருள் அது. அதை என் அடுப்பில் ஏற்ற அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பேனா என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விரல் தேயத் துருவிய தங்கைகளுக்கும், சிலிண்டர் தீர்ந்ததும் தன் வீட்டு சிலிண்டரைத் தூக்கி வந்த மாடி வீட்டுத் தம்பிக்கும், நேரம் பாராமல் டீ அனுப்பிய கடைக்கார அண்ணனுக்கும், “மெதுவாக் குடும்மா” என்று பொறுத்துக்கொண்ட கல்யாண வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி. வெந்த சோப்புதான் என்றாலும் ஈரம் வற்ற இரண்டு வாரமாவது காற்றாட வேண்டும். கடற்காற்று ஈரம் வேறு. தாம்பூலப் பைகளுக்குச் சரியாக வந்துவிடும்.

அக்கா, உங்கள் மகள் கல்யாணத்துக்கு எத்தனை தாம்பூலப் பை போட்டாலும் அத்தனைக்கும் சோப்பு என்னுடையது. ஒரு பைசா வாங்க மாட்டேன். எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிட்டேன், நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நன்றியுடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் எதிர் வீட்டுத் தங்கை